மடிப்பக்கா கலைத்த படுக்கை

மடிப்பக்கா. பிறப்பு 1951, மறைவு 2022. அரசு மருத்துவமனையில், பெண்கள் அறுவை சிகிச்சை வார்டின் உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே வழங்கிற்று. வார்டிலும் தெருவிலும் உறவினர் வீடுகளிலும் அவர் மடிப்பக்காதான். அவரைவிட மூத்தவர்களும் அவரை ‘அக்கா’ என்றே அழைத்தனர். அவரும் அதை மறுத்ததில்லை.

பெயர் வந்த காரணம் எளிது. அவர் பணியில் சேர்ந்த நாளில் வார்டின் தலைமைச் செவிலி, படுக்கை விரிப்பதற்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். விரிப்பின் மூலைகள் கடித உறையின் மூலைபோல் மடிந்து மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகப்பட வேண்டும். நடுவில் சுருக்கம் இருத்தல் கூடாது. சுருக்கம் நோயாளியின் முதுகைப் புண்ணாக்கும். தலையணை உறையின் திறந்த வாய் கதவைப் பார்த்திருக்கக் கூடாது. உள்ளே நுழையும் பெரிய டாக்டரின் கண்ணில் வாய் பிளந்த தலையணை படுவது வார்டுக்கே இழுக்கு. மற்ற உதவியாளர்கள் இச்சட்டத்தைத் தலைமைச் செவிலி இருக்கும் நேரத்தில் மட்டும் கைக்கொண்டனர். மடிப்பக்காவுக்கு அது வேதவாக்காயிற்று. அவர் விரித்த கட்டிலில் எறும்பு ஏறினால் வழுக்கி விழும் என்று வார்டில் ஒரு பேச்சு உண்டு.

எழ முடியாத நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது அவ்வேலையின் சிகரம். நோயாளியை ஒரு பக்கம் சாய்த்து, பழைய விரிப்பைப் பாதிவரை சுருட்டிப் புதியதைப் பாதி விரித்து, பிறகு மறுபக்கம் உருட்டி மீதியை முடிக்க வேண்டும். மடிப்பக்கா இதைச் செய்தால் நோயாளியின் குறட்டைகூட நிற்காது.

அவருக்கு வாய்த்த கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். சாலையில் ஒரு விதியையும் மீறாத அம்மனிதர், வீட்டுக்குள் ஒரு விதிக்கும் கட்டுப்பட்டதில்லை. கழற்றிய சட்டை எங்கே விழுகிறதோ அதுவே அதன் இருப்பிடம். ஈரத் துண்டு நாற்காலியில், செய்தித்தாள் கட்டிலில், கண்ணாடி செய்தித்தாளுக்கு அடியில். மணமான முதல் வாரத்திலேயே இருவருக்கும் இது பேச்சாயிற்று.

“படுக்கையை இப்படி இறுக்கி வெச்சா நான் எப்படிம்மா உள்ள போறது? உறைக்குள்ள பஞ்சு அடைக்கிற மாதிரி என்னையும் அடைக்கணுமா?”

“மெதுவா நுழையுங்க. நுழைஞ்சதும் அசையாம படுங்க, கலைஞ்சிடும்.”

“அசையாம படுக்கறதுக்கு எனக்கு இன்னும் காலம் இருக்கு.”

மடிப்பக்கா 2009இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பணிக்குத்தான் கிடைத்தது, கைக்குக் கிடைக்கவில்லை. உறவினர் வீட்டுக்குச் சென்றால் காபி வருவதற்குள் படுக்கையறைக்குப் போய்வந்துவிடுவார். ஒருமுறை கணவருடன் கட்டில் வாங்கப் பெரிய கடை ஒன்றுக்குப் போனவர், காட்சிக்கு வைத்திருந்த கட்டில்களின் விரிப்புகளை வரிசையாகச் சரிசெய்துகொண்டே போனார். அவரைக் கடைப் பணியாளர் என்று எண்ணிய இரண்டு குடும்பங்கள் தேக்கு நல்லதா, இரும்பு நல்லதா என்று கேட்டன. அவரும் விளக்கம் சொன்னார். ஒரு குடும்பம் தேக்கு வாங்கிச் சென்றது. கட்டில் வாங்கப் போன கணவனும் மனைவியும் வெறுங்கையோடு வீடு திரும்பினர்.

இத்தகையவர் சொகுசு ஓட்டலில் மூன்று இரவு தங்க நேர்ந்தது மகளால். வங்கியில் பணிபுரிந்த மகளுக்கு, அலுவலகத்தார் பரிசாக ஓர் ஓட்டல் கூப்பன் கொடுத்தனர். பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம். கூப்பன் வீணாகாமல் இருக்க, மகள் அதைப் பெற்றோரிடம் நீட்டினாள்.

“அம்மா, மூணு நாள் மகாராணி மாதிரி இருந்துட்டு வா. அங்க ஒரு துரும்பைக்கூட நீ எடுத்து அந்தப் பக்கம் போடக் கூடாது. சரியா?”

“சரிடி.”

“சத்தியமா?”

“துரும்பு கிடந்தாத்தானே எடுக்கறதுக்கு? அவ்வளவு பெரிய ஓட்டல்ல துரும்பு எப்படிடி கிடக்கும்?”

“கேட்டீங்களாப்பா? இப்பவே சந்து தேடறாங்க.”

“நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாத” என்றார் ஓட்டுநர். மனைவியைப் பார்த்துக்கொள்வதாக அவர் அளித்த வாக்குகளில் நிறைவேறாதவற்றுள் இதுவும் ஒன்று.

துறைமுகத்தின் பின்சாலையில் அடுத்தடுத்து நின்ற ஐந்து பழைய வீடுகளே அந்த ஓட்டல். கடல் கடந்து வந்து ஆண்ட துரைமார்கள் தங்களுக்கெனக் கட்டியவை. துரைமார்கள் கப்பலேறியபின் அரசாங்கம் குடியேறிற்று. ஒரு வீட்டில் வரி அலுவலகம், ஒன்றில் உரிம அலுவலகம், நடு வீட்டில் மருத்துவமனையின் இணைப்புக் கட்டடம். அவையும் வேறிடம் போனபின் வௌவால்கள் சில காலம் ஆண்டன. அதன் பிறகே ஒரு நிறுவனம் வீடுகளை வாங்கிப் புதுப்பித்தது. சுவரில் அடுக்கடுக்காக ஏறியிருந்த வண்ணங்களைச் சுரண்டி, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த இளமஞ்சளைக் கண்டுபிடித்து, அதே நிறத்தைப் பூசினர். உடைந்த தரையோடுகளுக்கு ஈடாக அதே பூவேலையுடன் புதிய ஓடுகளை வார்த்தனர். சன்னல்களின் மரச் சட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, எண்ணெய் குடித்து, மீண்டும் இடம் சேர்ந்தன. வீடுகளுக்கு இடையிலிருந்த மதில்கள் நீங்கி, நீண்ட தாழ்வாரம் ஒன்று ஐந்தையும் இணைத்தது. அறைகளுக்கு எண்கள் இல்லை. சுங்கத் துரை அறை, மாலுமித் துரை அறை, கணக்குத் துரை அறை என்று பழைய குடியிருப்பாளர்களின் உத்தியோகமே அறைகளின் பெயராயிற்று.

2019 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை பிற்பகலில் இருவரும் வந்து சேர்ந்தனர். வரவேற்பறைப் பெண் அவர்களை நடு வீட்டின் தரைத்தளத்திலிருந்த சுங்கத் துரை அறைக்கு அழைத்துச் சென்றாள். பூச்சாடியைச் சுற்றி நடப்பவள்போல் மென்மையாக நடந்து, மனப்பாடம் செய்ததை இனிமையாக ஒப்பித்தாள்.

“இந்த அறையிலதான் சுங்கத் துரையோட மனைவி சாயங்காலத்துல பியானோ வாசிப்பாங்க. இதோ, இந்த மூலையிலதான் பியானோ இருந்துச்சு.”

மடிப்பக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உயர்ந்த சன்னல்களைப் பார்த்தார். சன்னல்களுக்கு மேலிருந்த வளைவைப் பார்த்தார். பிறகு வாசற்கல்லில் தேய்ந்து குழிந்திருந்த இரண்டு தடங்களைக் குனிந்து பார்த்தார். வரவேற்பறைப் பெண் விடைபெற்றுக் கதவைச் சாத்தியதும் கணவரின் கையைப் பற்றினார்.

“என்னங்க, இது எங்க வார்டுங்க!”

“எது?”

“இந்த ரூம்தான். நான் வேலைக்குச் சேந்த வார்டு. மதிலை எடுத்து, பெயின்ட்டையும் மாத்தினதுல வெளியிலேருந்து அடையாளமே தெரியல. அந்தக் கல்லுல இருக்கே தடம், அது எங்க ஸ்ட்ரெச்சர் சக்கரம் போய்ப் போய்த் தேஞ்சது. பியானோ இருந்துச்சுன்னு காட்டினாளே, அங்க பெட்பேன் அலமாரி இருந்துச்சு.”

“அதுலயும் சாயங்காலம் சத்தம் வந்திருக்கும்” என்றார் ஓட்டுநர். “வெளிய சொல்லித் தொலைக்காத. மூணு நாளைக்கு நீ துரைசானி. போய் உக்காரு.”

அறையின் நடுவில், வார்டில் மூன்று கட்டில் போடக்கூடிய இடத்தில், நான்கு தூண்களும் வெண்வலையுமாக ஒரே ஒரு கட்டில் வீற்றிருந்தது. மடிப்பக்கா அதை ஒருமுறை வலம் வந்தார். ஒரு மூலையில் விரல் நுழைத்துப் பார்த்தார்.

“மூலையெல்லாம் தளர்வா இருக்கு. நாலு தலையணையும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கதவையே பாக்குது.”

“பசியா இருக்கும். விடு.”

அன்றிரவு மூலைகளை மட்டும் ஒருமுறை இழுத்துச் செருகிய பிறகே மடிப்பக்கா படுத்தார். இருவரும் நன்றாகவே உறங்கினர். விபரீதம் விடியலில் நடந்தது. வேலைக்குப் போன காலத்து வழக்கப்படி மடிப்பக்கா இருள் பிரியுமுன் விழித்தார். கண் திறந்ததும் எதிரில் தெரிந்தவை அதே சன்னல்கள், அதே வளைவு. மூளை விழிப்பதற்குள் கை விழித்துவிட்டது. கட்டிலில் ஓர் உருவம் படுத்திருந்தது. வார்டில் படுத்திருப்பவர்களை என்ன செய்வாரோ அதையே செய்தார். சாய்த்தார், இழுத்தார், உருட்டினார், செருகினார். ஓட்டுநரின் குறட்டை ஒரு கணமும் தடைப்படவில்லை. பொழுது நன்கு விடிந்தபின்தான் அறையில் அலறல் கேட்டது.

“ஏம்மா! யாரோ என்னைப் பொட்டலம் கட்டி வெச்சிருக்காங்க! கால் வர மாட்டேங்குது!”

“கத்தாதீங்க. நான்தான். எழுந்ததும் கை தானா போயிடுச்சு.”

“என்னை எப்ப உருட்டின?”

“அப்பவே. ரெண்டு தடவை.” சற்று யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: “இடது பக்கம் கொஞ்சம் கனம் கூடியிருக்கீங்க.”

கட்டிய பொட்டலத்தைக் கலைக்க மனமில்லாத மனைவியின் முகத்தைப் பார்த்த ஓட்டுநர், பாம்பு சட்டை உரிப்பதுபோல் தலைப்பக்கமாகவே நெளிந்து வெளியே வந்தார். மடிப்பக்கா தலையணைகளின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பிறகு இருவரும் காலையுணவுக்குச் சென்று, தோட்டத்தில் ஒரு சுற்று நடந்து, துறைமுகச் சாலைவரை போய்வந்தனர்.

திரும்பி வரும்போது அவர்களுடைய அறை வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. கையில் வயர்லெஸ் கருவியுடன் நின்ற இளம் சூப்பர்வைசர், ஏறத்தாழ நாற்பது வயது மதிக்கத்தக்க பணிப்பெண் ஒருத்தியை விசாரணை செய்துகொண்டிருந்தார்.

“இது என்ன?”

“கொண்டை ஊசிங்க மேடம்.”

“அது தெரியுது. தினமும் மாத்த வேண்டிய விரிப்புல, தலையணைக்கு அடியில, கொண்டை ஊசி எங்கேருந்து முளைச்சுது?”

“நான் வந்தப்ப படுக்கை போட்டே இருந்துச்சு மேடம். காலை ஷிப்ட்ல வேற யாரோ மாத்திட்டாங்கன்னு நெனச்சு, துண்டு மட்டும் மாத்தினேன்.”

“வேற யாரு? துரையோட ஆவியா?”

“நம்ம ஆளுங்க யாரும் இவ்வளவு இறுக்கமா போட மாட்டாங்க மேடம். அதான் மேலிடத்துலேருந்து யாராவது...”

“வாய் மட்டும் கொறச்சலில்ல. திங்கக்கிழமை உன்னை நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. ஞாபகம் இருக்கா?”

பணிப்பெண் தலை குனிந்தாள். மடிப்பக்கா அதற்குமேல் நிற்கவில்லை. ஓட்டுநர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தும் பயனில்லை.

“அவங்க மேல தப்பில்லைங்க. படுக்கையை நான்தான் போட்டேன்.”

சூப்பர்வைசரின் முகம் வெளுத்தது. “நீங்களா மேடம்? நீங்களேவா?”

“ஆமாங்க. ஒரு பழக்கம்.”

“பாத்தியா?” என்று சூப்பர்வைசர் பணிப்பெண் பக்கம் திரும்பினார். “நீ வேலை செய்யற லட்சணத்தைப் பாத்துட்டு விருந்தாளியே போட்டுக்கிட்டாங்க!”

“ஐயோ, அப்படி இல்லீங்க. இவங்க வர்றதுக்கு முன்னாடியே, விடியறப்பவே போட்டுட்டேன்.”

“விடியறப்பவேவா? மேடம், ராத்திரி தூங்கவே முடியலையா? மெத்தை சரியில்லையா?”

“நல்லாத் தூங்கினோங்க. நான் படுக்கை போடறப்ப இவர்கூட உள்ள தூங்கிக்கிட்டுத்தான் இருந்தார்.”

சூப்பர்வைசர் ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் மேற்கூரையைப் பார்த்தார். இதற்கு மேல் கேட்பது மரியாதையாகாது என்று கருதிய சூப்பர்வைசர், மன்னிப்புக் கோரிவிட்டு வேகமாக நடந்தார். தாழ்வாரத் திருப்பத்தில் அவர் வயர்லெஸ்ஸில் மேனேஜரை அழைப்பது கேட்டது.

மேனேஜர் பிற்பகலில் வந்தார். பருத்த உடல், மெல்லிய குரல், கையில் பழக்கூடை. விருந்தினர் தம் படுக்கையைத் தாமே விரிக்க நேர்ந்தது இந்த ஓட்டலின் வரலாற்றில் இல்லாதது என்று வருந்தினார்.

“சிரமமே இல்லீங்க” என்றார் மடிப்பக்கா.

“உங்க பெருந்தன்மைம்மா அது.”

“பெருந்தன்மை இல்லீங்க. எனக்குப் பிடிச்சுத்தான் செஞ்சேன்.”

“இப்படிப்பட்டவங்களுக்குப் போய் இப்படி நடந்துடுச்சேன்னுதான் எனக்குத் தாங்கல” என்று மேனேஜர் நெஞ்சில் கை வைத்தார். “நாளைக்குக் காலையில நானே வந்து நிக்கறேன். அந்தம்மா உங்க அறையைச் செய்யறதை முழுசா பாக்கறேன். சரியா செய்யலேன்னா, வேற ஆளைப் போட்டுடலாம். நீங்க எதுவும் மனசுல வெச்சுக்காதீங்க.”

அவர் போனபின் மடிப்பக்கா பழக்கூடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்த ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணின் பிழைப்பில் ஒரு பிடி மண் விழுந்தது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மாலையில் புதிய துண்டுகளுடன் பணிப்பெண் வந்தாள். தையல் ஆலையில் வேலை செய்தவள். ஆலை மூடியபின் இங்கு வந்தவள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடிற்று. கோபமாக வருவாள் என்று எதிர்பார்த்த மடிப்பக்காவின் முன் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அம்மா, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா நாளைக்கு மட்டும் எதையும் தொடாதீங்கம்மா.”

“தொட மாட்டேன்மா. சத்தியமா.”

“அது பத்தாதும்மா. நல்லா கலைச்சும் வைக்கணும். கலைஞ்சு கிடந்தாத்தானே நான் செய்யற வேலை தெரியும்? நாளைக்கும் நீங்க போட்டு வெச்சிருந்தீங்கன்னா, என்மேல நம்பிக்கை இல்லாமதான் போட்டீங்கன்னு முடிவே பண்ணிடுவாங்க.”

“எவ்வளவும்மா கலைக்கணும்?”

பணிப்பெண் விழித்தாள். அவள் பார்த்த விருந்தாளிகளில் எவரும் இப்படி ஓர் அளவு கேட்டதில்லை. “எல்லாரும் எப்படிக் கலைப்பாங்களோ, அப்படித்தாம்மா.”

எல்லாரும் எப்படிக் கலைப்பார்கள் என்பதுதான் மடிப்பக்காவுக்குத் தெரியாது.

ஞாயிறு காலை, அவர் விழித்தவுடன் தம் இரு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். ஓட்டுநர் எழுந்து சோம்பல் முறித்த பிறகு, கணவரின் மேற்பார்வையில் காரியம் தொடங்கிற்று. மடிப்பக்கா போர்வையை எடுத்துக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார்.

“இது என்ன?”

“கலைச்சிருக்கேன்.”

“நாலா மடிச்சு வெச்சிட்டுக் கலைச்சேங்கற. அதைத் தூக்கிப் போடு.”

“எங்க?”

“எங்கன்னு கேட்டா அது கலைக்கறது இல்லம்மா, அடுக்கறது. என்னைப் பாரு.” ஓட்டுநர் போர்வையைப் பார்க்காமலேயே பின்பக்கமாக வீசினார். அது பாதி கட்டிலிலும் பாதி தரையிலுமாக விழுந்தது. ஈரத் துண்டு நாற்காலி முதுகில் சரிந்தது. செய்தித்தாள் பக்கம் பக்கமாகப் பிரிந்து மெத்தையை மூடிற்று. ஒரு தலையணை சன்னலோரம் போய்க் குப்புறப் படுத்தது. கல்யாண நாளிலிருந்து எதற்காகவெல்லாம் ஏச்சு வாங்கினாரோ, அவற்றையெல்லாம் மனைவியின் கண்ணெதிரிலேயே, மனைவியின் வேண்டுகோளின் பேரிலேயே செய்யும் பேறு அவருக்கு அன்று வாய்த்தது. மனிதர் இருபது வயது குறைந்தவராகத் தெரிந்தார்.

“போதுங்க” என்றார் மடிப்பக்கா, கண்ணை மூடிக்கொண்டு.

“இரு, இன்னும் வாழைப்பழத் தோல் போடல.”

“வேண்டாங்க! எனக்கு நெஞ்சை அடைக்குது.”

ஒருவாறு அறையைப் பூட்டிக்கொண்டு காலையுணவுக்குச் சென்றனர். மேனேஜர் வரும் நேரத்தில் அறையில் இருக்க வேண்டும் என்பதால், மடிப்பக்கா சீக்கிரமே எழுந்துகொண்டார். ஓட்டுநர் இரண்டாவது காபியைச் சொல்லியிருந்தார்.

“நீ முன்னாடி போ. இதைக் குடிச்சிட்டு வந்துடறேன். உள்ள போனதும் நாற்காலியில உக்காரு. கட்டில் பக்கமே திரும்பாத.”

மடிப்பக்கா அப்படியே செய்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், சுவரைப் பார்த்தார். நாற்காலியில் கிடந்த ஈரத் துண்டு முதுகில் பட்டது. துண்டை மட்டும் எடுத்து உலர்த்துவதில் என்ன குற்றம்? உலர்த்தினார். துண்டை எடுக்கும்போது செய்தித்தாள் காலில் இடறிற்று. இடறி விழுந்தால் யார் பார்ப்பது? அதை எடுத்தார். செய்தித்தாளை எடுத்ததும் அடியில் விரிப்பு தெரிந்தது. அதன் நடுவில் ஆற்றுப் பெருக்குபோல் ஒரு சுருக்கம் ஓடிற்று.

காபி குடித்துவிட்டு ஓட்டுநர் கதவைத் திறந்தபோது, கட்டில் பளிங்குப் பலகைபோல் கிடந்தது. மடிப்பக்கா கடைசித் தலையணையின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

“அடிப்பாவி!”

அந்தச் சொல்லில்தான் அவருக்குத் தன்னினைவு வந்தது. கையிலிருந்த தலையணை நழுவிற்று. “ஐயையோ. என்னங்க செஞ்சுட்டேன்?”

“அவங்க வந்துக்கிட்டிருக்காங்க. தாழ்வாரத்துல பாத்துட்டுத்தான் ஓடி வர்றேன். கலை, கலை!”

ஓட்டுநர் போர்வையைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. மடிப்பக்கா செருகிய மூலை ஒரு மனிதனின் இழுப்புக்கு வருவதன்று. “என்னத்த வெச்சும்மா கட்டியிருக்க?” என்று கேட்டபடி, செருப்புக் காலோடு கட்டிலில் பாய்ந்து புரண்டார். விரிப்பில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

வெளியே காலடி ஓசை நெருங்கிற்று. மடிப்பக்கா ஒருகணம் கட்டிலைப் பார்த்தார். தாம் போட்ட முடிச்சை அவிழ்க்கத் தம்மால்தான் முடியும் என்பது அவருக்குத் தெரியும். அறுபத்தெட்டு வயதான அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டிலின்மேல் ஏறி நின்றார். மூலையைப் பிடித்து ஒரே உருவாக உருவினார். அடுத்த மூலை. அடுத்தது. போர்வையைக் காலால் உதைத்தார். தலையணை ஒன்று பறந்து போய்ப் பழக்கூடையைச் சாய்த்தது. ஆப்பிள்கள் தரையெங்கும் உருண்டன. அவர் முகத்தில், ஓட்டுநர் அதுவரை கண்டிராத ஒரு சிரிப்பு வந்தது.

கதவு திறந்தது. மேனேஜர், சூப்பர்வைசர், பணிப்பெண் மூவரும் வாசலில் நின்றனர். கட்டிலின் நடுவில், கொசுவலையை ஒரு கையால் பிடித்தபடி மடிப்பக்கா நின்றார்.

“எக்சர்சைஸ் சார்” என்றார் ஓட்டுநர். “டாக்டர் சொன்னது.”

மேனேஜர் நொடியும் தயங்கவில்லை. “தாராளமா பண்ணுங்கம்மா. நம்ம மெத்தை தாங்கும்.”

மடிப்பக்கா கணவரின் தோளைப் பற்றி இறங்கி நாற்காலியில் அமர்ந்தார். பணிப்பெண் அறையைக் கண்ணால் அளந்தாள். கேட்டதற்கு மேலாகவே கலைந்திருந்தது. ஓர் ஆப்பிளைத் தாண்டிக் கட்டிலை அணுகினாள்.

அதன் பிறகு நடந்தது மடிப்பக்காவின் வாழ்வில் மிக நீண்ட கால் மணி நேரம். பணிப்பெண் பழைய விரிப்பை நீக்கினாள், புதியதை உதறினாள். அது கோணலாக விழுந்தது. மடிப்பக்காவின் உடல் நாற்காலியில் முன்னே சாய்ந்தது. ஓட்டுநர் அவர் தோளில் கையை வைத்து அழுத்தினார். பணிப்பெண் நேராக்கினாள். முதல் மூலையை மடித்தாள், அது இறுகவில்லை. இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. நடுவில் ஒரு சுருக்கம், உள்ளங்கை நீளத்துக்கு, நீக்கப்படாமலே தங்கிற்று. கடைசியாக நான்கு தலையணைகளையும் அடுக்கினாள். நான்கின் வாயும் கதவைப் பார்த்தன.

வேலை முடிந்தது. பணிப்பெண் ஓரமாக நின்றாள். சூப்பர்வைசர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கட்டிலைப் பார்க்கவேயில்லை. மடிப்பக்காவின் பக்கம் குனிந்தார்.

“சொல்லுங்கம்மா. குறை பட்டது நீங்க. உங்களுக்குத் திருப்தின்னா எனக்கும் திருப்தி. எப்படி இருக்கு?”

படுக்கையைப் பற்றி மடிப்பக்கா அதுவரை ஒரு பொய் சொன்னதில்லை. பயிற்சிக்கு வந்த செவிலியர் எத்தனையோ பேரை, டாக்டரின் மகள் என்றும் பாராமல், “பிரிச்சிட்டு மறுபடி போடு” என்று சொன்ன வாய் அது. அவர் எழுந்து கட்டிலருகே போனார். அந்தச் சுருக்கத்துக்கு நேராக நின்றார். முந்தானைக்குள் விரல்கள் ஒன்றையொன்று பிடித்திருந்தன. பணிப்பெண் மூச்சுவிடாமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

“ஒரு சுருக்கம்கூட இல்லீங்க” என்றார் மடிப்பக்கா. “நானே போட்டா மாதிரி இருக்கு.”

ஓட்டுநருக்கு இருமல் வந்தது. அவர் ஆப்பிள் பொறுக்கக் குனிந்துகொண்டார்.

“அப்புறம் என்ன?” என்று மேனேஜர் பணிப்பெண்ணிடம் திரும்பினார். “நாளைக்கு ஆபீசுக்கு வந்து நிரந்தர ஆர்டரை வாங்கிக்குங்க. கொண்டை ஊசி விஷயத்தை இதோட விட்டுடலாம்.”

மூவரும் வெளியேறினர். கதவு சாத்தும்போது பணிப்பெண் ஒருகணம் திரும்பி, கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் அந்தச் சுருக்கத்தைப் பார்த்திருந்தாள் என்பது அவள் சிரிப்பிலிருந்து தெரிந்தது.

“சரி, இனிமே யாரும் பாக்க மாட்டாங்க” என்றார் ஓட்டுநர். “போய் உன் ஆசை தீர இழுத்து விட்டுக்கோ. தலையணையையும் திருப்பிக்கோ. நாள் முழுக்க உன் மூஞ்சியை என்னால பாக்க முடியாது.”

மடிப்பக்கா விரிப்பின் மூலையைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது. அவருக்காக இன்னொருவர் படுக்கை விரித்த நாள் எது என்று யோசித்தார். நினைவில் ஒன்றும் சிக்கவில்லை. மகளைப் பெற்றெடுத்தபோதுகூட, இரண்டாம் நாளே எழுந்து தம் கட்டிலையும் பக்கத்துக் கட்டிலையும் சரிசெய்து, செவிலியரிடம் ஏச்சு வாங்கியவர் அவர்.

“வேண்டாங்க” என்றார். “பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டிருக்கா.”

“அதான் சுருக்கம் இருக்கே?”

“இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் போட்டது.”

பகலுணவுக்குப் பின் அவர் கட்டிலில் ஏறிப் படுத்தார். ஓட்டுநர் செய்தித்தாளின் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் குறட்டை கேட்டது. இம்முறை அது அவருடையதன்று. விளக்கேற்றும் நேரம்வரை மடிப்பக்கா எழவில்லை. மறுநாள் வீடு திரும்பியதும் முதல் வேலையாகச் சொந்தக் கட்டிலைப் பிரித்து இறுக்கிப் போட்டார். அதன் பின்னும் மகள் வீட்டிலும், உறவினர் வீடுகளிலும், இறுதியாக நோயுற்றுச் சேர்ந்த மருத்துவமனையிலும், பிறர் விரித்த எந்தப் படுக்கையையும் அவர் திருத்தாமல் விட்டதில்லை. இன்னொருவர் விரித்த படுக்கையில், ஒரு மூலையையும் தொடாமல் அவர் படுத்து உறங்கியது வாழ்நாளில் ஒருமுறைதான். அதுவே முதலும் கடைசியும்: 2019 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.